மஞ்சள் உறைக்குள் ஒரு தூண்டில்

என் அக்காள் கணவர் லக்ஷ்மணன் திருமயத்தில் குழாய்க் கடை வைத்திருந்தார். நான் அவரை அயித்தான் என்று கூப்பிடுவேன். தூண்டில் என்றால் அவருக்கு உயிர். மாதம் ஒரு ஞாயிறு கோட்டைப்பட்டினம் போய், நண்பர் நாகராசுவின் நாட்டுப்படகில் கடலுக்குள் போவார். மீனைவிட அதிகமாக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒடிந்த தூண்டில் கோல்களைத்தான். ஒன்றின் நுனி அறந்தாங்கியில் பஸ் கதவிடுக்கில் போயிற்று. இன்னொன்றைப் படகுக்குள் கீழே கிடத்தியிருந்தார். நாகராசு கவனிக்காமல் அதை மிதித்துவிட்டார்.

மூன்றாவதை மகள் சுபஸ்ரீ சென்னையிலிருந்து அனுப்பினாள். இரண்டாகக் கழற்றி மாட்டுகிற கோல். நுனி ஈர்க்குச்சி போல மெலிந்திருக்கும்.

"இதுவும் ஒடிஞ்சா கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டோட இருக்கணும், சொல்லிட்டேன்," என்றாள் என் அக்காள் தெய்வானை. "ஊருக்கெல்லாம் பைப் விக்கிறீங்க. ஒரு துண்டு பைப்புல இதைப் போட்டு மூடத் தெரியலையா?"

அயித்தான் சட்டைகூடப் போடாமல் கடைக்கு ஓடினார்.

பைப்பை அளவாக அறுத்து, இரு முனையிலும் ஸ்பாஞ்சு திணித்து, மூடி போட்டார். பஸ்ஸில் உருண்டு ஓடாதிருக்க அக்காள் ஓர் உறை தைத்தாள். பழனிக்கு நடந்து போனபோது கட்டிய பழைய மஞ்சள் சேலைதான் கைக்கு அகப்பட்டது.

அந்த ஞாயிறு பஸ்ஸில் நல்ல கூட்டம். அயித்தான் பைப்பைக் காலடியில் வைக்கப் போனார்.

"ஐயய்யோ, முருகன் வேலைக் கீழ வைக்காதீங்க!" என்று ஒரு பூக்கார அம்மாள் பதறினார். உறையின் முடிச்சில் ஒரு முழம் மல்லிகையும் சுற்றிவிட்டார். கண்டக்டர் குணசேகரன் மேல்தட்டில் இருந்த மூட்டைகளை அங்கிட்டு நகர்த்தி, தனி இடம் ஒதுக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அயித்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கெட் எடுத்தார்.

படகில் நாகராசு பைப்பை உட்புற விளிம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். "காலுக்கு எட்டாத எடத்துல இருக்கட்டும்ணே. எங்காலை நானே நம்ப மாட்டேன்."

சாயங்காலம் திரும்பும்போதும் குணசேகரன் பஸ்தான். பைப்பைத் தூக்கி வைத்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னண்ணே, போகையில வேலு மல்லிப்பூ மணத்துச்சு. இப்ப மீன் கவுச்சியில்ல அடிக்குது?"

அயித்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூடியைக் கழற்றிக் கோலை உருவிக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது.

"அட முருகா! இதுக்கா கன்னத்துல போட்டுக்கிட்டேன்?"

"நீங்க கும்பிட்டதாலதாங்க இம்புட்டு மீனு கெடைச்சுச்சு. இந்தாங்க ஒங்க பங்கு!" என்று பையிலிருந்து ஒரு பாறை மீனை எடுத்து நீட்டினார் அயித்தான்.

வீட்டில் அக்காள் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோலை வாங்கி, நுனி வளையம் வரைக்கும் விரலால் தடவினாள்.

"முழுசா வந்துருச்சே!" என்றாள். அதன்பிறகு அவளே மாதாமாதம் உறையைத் துவைத்துக் கொடுத்தாள். அந்தக் கோல் கடைசிவரை ஒடியவே இல்லை.

போன மாசியில் அயித்தான் இறந்துபோனார். சென்ற ஞாயிறு அக்காள் பைப்பை என் கையில் கொடுத்தாள். "நாகராசு ஒன்னைய வரச் சொன்னாரு. போயிட்டு வா. ஒடிக்காமக் கொண்டாந்துரு."

பஸ்ஸில் ஏறினேன். குணசேகரன் மஞ்சள் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேல்தட்டில் இருந்த மூட்டைகளைத் தள்ளிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"தள்ளிக்கங்க, தள்ளிக்கங்க! திருமயத்து வேலு வருது!"