கலீனா தனியாக ஆடிய நாலு நிமிடம்

கலீனா போய்விட்டார்.

அவரிடம் ஸ்கேற்றிங் பழகிய ஒரு பிள்ளையின் தாய் இன்று காலை மெசேஜ் அனுப்பியிருந்தார். மூன்று மாதமாகக் கான்சராம்... ஒருவருக்கும் சொல்லவில்லையாம்.

என் நண்பர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ரொறொன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு ஐஸ் அரங்கில் நான் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஐஸைச் சுரண்டி, தண்ணீர் விட்டு மட்டமாக்கும் மெஷினை ஓட்டுவது என் வேலை. கலீனா அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கோச். ரஷ்யாக்காரி.

இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. அதனாலோ என்னவோ, எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஒரு காலத்தில் சோடியாக ஆடும் போட்டிகளில் அவர் பெரிய ஆள். ஒன்பது வயதில் வீட்டைவிட்டுப் பயிற்சி விடுதிக்குப் போனவர். ஒலெக் என்ற பெடியனோடு பன்னிரண்டு வருடம் ஆடினார். இதெல்லாம் தேத்தண்ணி பிரேக்கில் துண்டு துண்டாகச் சொன்னது.

அவர்களின் நாடு உடைந்த குளிர்காலத்தில் வெளிநாட்டில் ஒரு போட்டி. ஜக்கெற்றின் முதுகில் தைத்திருந்த நாட்டின் பெயரை, ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு சின்னக் கத்தரிக்கோலால் தானே நூல் நூலாகப் பிரித்தாராம்.

"நூல் எல்லாம் போட்டுது. ஆனா எழுத்து தெரிஞ்சுகொண்டே இருந்தது. அந்த இடம் மட்டும் வெளிறேல்லை," என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் போட்டியில் நாலாம் இடம். மூன்று சோடிக்குத்தான் மெடல். திரும்பிப் போனதும் ஒலெக் வேறு பெண்ணோடு ஆடப் போய்விட்டான். இருபத்தொரு வயதில் கலீனாவுக்குச் சோடி இல்லை. பிறகு ஒரு ஐஸ் ஷோவில் கரடி வேஷம் போட்டு ஊர் ஊராகச் சுற்றி, முழங்கால் பழுதாகி, ரொறொன்ரோவில் நின்றுவிட்டார்.

ஆடிக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். ஆடமாட்டார். "அது முடிஞ்சுது" என்பார். அவ்வளவுதான்.

பிறகு 2009 மே...

என் தங்கை வதனியும் குடும்பமும் வன்னிக்குள். ஏழு கிழமையாகத் தொடர்பில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று ரிவியில் சொன்னதற்கு அடுத்தநாள் காலை நான் வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை.

மெஷினின் பிளேட்டை எவ்வளவு இறக்கினேன் என்றே தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஐஸில் வாய்க்கால் மாதிரி ஒரு நீளக் கிழிப்பு. மத்தியானம் கலீனாவின் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பரீட்சை. சுப்பவைசர் கண்டால் என் வேலை போய்விடும். நான் மெஷினை விட்டு இறங்கவே இல்லை.

கலீனா வந்தார். ஐஸைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"வாளி கொண்டு வா."

ஐஸ் தூளையும் தண்ணீரையும் குழைத்து, அந்தப் பழுதான முழங்காலை ஊன்றி, அடி அடியாக நிரப்பத் தொடங்கினார். நானும் பக்கத்தில். பாதி முடிந்த பிறகுதான் கேட்டார்.

"ஆர்?"

"தங்கச்சி. அவளின்ரை மனுசன். ரெண்டு பிள்ளையள்."

"செத்திட்டினமோ?"

"தெரியாது."

அதுவரை ஒருவரும் என்னிடம் அதை நேராகக் கேட்டிருக்கவில்லை.

நிரப்பியது இறுக நேரம் எடுக்கும். "நீ வீட்டை போ" என்றார். "ஏலாது" என்றேன்.

வாளியை ஓரமாக வைத்தார். பிறகு போய் ஸ்கேற்றைக் கட்டிக்கொண்டு வந்து, அரங்கின் மற்றப் பாதியில் ஆடினார். பாட்டு இல்லை. போட்டிருந்த கம்பளிச் சட்டையோடு... ஒலெக்கோடு அந்தக் கடைசிப் போட்டியில் ஆடிய அதே ஆட்டம்.

அவன் தூக்க வேண்டிய இடங்களில் கையை உயர்த்தி, ஒரு கணம் காத்திருந்து, அப்படியே கடந்து போனார். ஒருதரம் விழுந்தார். எழும்பி, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

நாலு நிமிடம் இருக்கும். நான் அப்போதுதான் முதல்முறை அழுதேன்.

மூச்சு வாங்க வந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாலாம் இடம் தந்தது சரிதான். இப்பதான் விளங்குது," என்றார்.

மத்தியானப் பரீட்சை நடந்தது. ஐஸுக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூலையில் வதனி முகாமில் இருந்து போன் எடுத்தாள். அவளும் மூத்தவளும் மட்டும்.

கலீனாவிடம் சொன்னேன். "ரெண்டு பேர்?" என்று இரண்டு விரலைக் காட்டினார். தலையாட்டினேன். பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

வதனி இப்போது பாரிஸில் இருக்கிறாள். சற்று முன் அவளுக்கு போன் எடுத்து, கலீனா போய்விட்டார் என்றேன்.

"ஆரண்ணை அது?"

இத்தனை வருடத்தில் நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணை... இவரின்ரையும் சின்னவன்ரையும் படத்துக்குப் பக்கத்திலை அவவுக்கும் ஒரு விளக்குக் கொளுத்தட்டே?"

"ஓம். கொளுத்து."

போய் வாங்கோ, கலீனா.