காபியோடு போட்ட மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன், குறுவை அறுப்பு முடிந்த சமயம். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மனைவியுடன் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடத்தில் அது நான்காவது முறை. இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அவளுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் மதகு திறக்காவிட்டால் வயல் காயும் இல்லையா, அதுபோல இந்த ஹார்மோன் குறைந்தால் உடம்பு கொழுப்பைச் சரியாக எரிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரை வயிறு சாப்பிட்டும் எடை ஏறியது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மாத்திரை தொடங்கி எட்டு மாதம் ஆகியும் மாற்றமில்லை.

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். விதிமுறை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே மாத்திரைப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு டபராவில் காபி, பக்கத்தில் மாத்திரை. ஒரு நாள் தவறியதில்லை. பிறகும் படுத்துக் கிடப்பவளிடம், "எழுந்து நடந்தாத்தானே இளைக்கும்? சோம்பேறித்தனத்துக்கு மாத்திரை கிடையாது" என்பேன்.

பக்கத்து நாற்காலியில் பட்டுக்கோட்டைப் பக்கம் மீன் விற்கும் அம்மாள் ஒருவர். அவருக்கும் இதே வியாதி. என் ஒழுங்கைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"காபியோடயா? நல்லா கெடுத்தீங்க போங்க! வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுல்ல காபி குடிக்கணும்? காபி மருந்தை உடம்புல சேர விடாதுங்க. சீட்டுலயே எழுதியிருப்பாங்களே! நான் கைநாட்டு, நர்சம்மாகிட்ட ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."

பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தது. ஒரு இணைப்பு குறைந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியவன், இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "காபி அப்புறம் குடிக்கட்டுமான்னு மொத நாளே கேட்டேங்க. எல்லாம் எனக்குத் தெரியும்னீங்க."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அளவைக் கூட்ட இருந்த டாக்டர், விஷயத்தைக் கேட்டதும் நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னார். மூன்றாவது மாதம் ஒரு காலை, மொட்டைமாடியிலிருந்து அவள் குரல்: "ஏங்க, துணி காயப்போட ஆள் வருமா, இல்ல அங்கயே சோம்பேறியா உக்காந்திருக்குமா?" அவள் நிற்காமல் ஏறிப் போயிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் காலையில் தண்ணீரையும் மாத்திரையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரம் நானும் காபி குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் வீணாக்கிய அவளுடைய எட்டு மாதங்களைத் திருப்பித் தர, எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இடமில்லை.