கம்பிக்கு முன்னால் தாடை

"ஆ காட்டும்மா" என்றேன். செல்வி வாயைத் திறந்தாள். காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். திறந்த வாய் மூடவில்லை.

இராஜபாளையத்தில் பல் சீரமைப்பு கிளினிக் வைத்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்கு வரும் பெண் செல்வி. துருத்திய பல்லுக்குக் கம்பி போட வந்தவள், வாயைப் பிளந்தபடி கண்ணீர் வடித்தாள். கட்டைவிரல்களில் காஸ் துணியைச் சுற்றி, கடைவாய்ப் பற்களைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினேன். தாடை இடத்தில் உட்கார்ந்தது.

"அடிக்கடி இப்படி ஆகுமா?"

"கொட்டாவி விட்டாலே மாட்டிக்கிடும் டாக்டரம்மா. எந்நேரமும் வலி வேற. கம்பி போட்டா எல்லாம் சரியாயிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா."

"அந்த அக்காவைக் கூட்டிட்டு வா. அவியளுக்கு முதல்ல போடுவோம்."

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

கம்பி பல்லை நகர்த்தும், மூட்டைக் குணப்படுத்தாது. முதலில் மூட்டு அடங்கட்டும் என்று, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஸ்பிளிண்ட் என்கிற பிளேட் செய்து கொடுத்தேன். தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவது அங்கே எல்லாருக்கும் வழக்கம். அதையும் விடச் சொன்னேன். சொன்ன நாளிலேயே கத்தரிக்கோலுக்கு மாறினாள். ஆனாலும் வலி குறையவில்லை.

ஒருநாள் கிளினிக்கில் கூட்டம். செல்வி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கை சும்மா மடியில் கிடந்தது. தாடை மட்டும் வலப்பக்கம் ஒதுங்கி, ஒரு கடி. சற்று நின்று, மறுபடி ஒரு கடி. வாயில் நூலும் இல்லை, ஒன்றும் இல்லை. மலைத்துப்போய் நின்றேன். புத்தகத்தில் படித்ததுதான், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"செல்வி, என்ன கடிக்கே?"

"ஒண்ணும் இல்லையே!"

"கன்னத்துல கை வச்சுப் பாரு."

வைத்தாள். கைக்குக் கீழே தாடை மறுபடி ஒரு கடி. "ஆத்தாடி! நான் இங்க இருக்கேன், இது தனியா தறிக்குப் போயிருக்கே!"

'உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்.' அன்று முதல் இதுதான் மருந்து. மாசக்கணக்கில் தன் தாடையைத் தானே காவல் காத்தாள். வலி போனது. பூட்டிக்கொள்வதும் நின்றது. பொறுத்திருந்து பார்த்த பிறகே கம்பிக்கு நாள் குறித்தேன்.

கம்பி ஒட்டும்போது வாயை வெகு நேரம் திறந்தே வைத்திருக்க வேண்டும். இடையிடையே ஓய்வு கொடுத்தும், இருவருக்கும் பயம் போகவில்லை. கடைசிப் பல்லை முடித்து, "மூடு" என்றேன். சத்தமில்லாமல் மூடினாள். திரும்பத் திறந்தாள், மூடினாள். கண்ணாடியை நீட்டினேன், வாங்கவே இல்லை.

"மூடுது டாக்டரம்மா!"

இப்போதெல்லாம் கம்பி போட யார் வந்தாலும், வாயைத் திறக்கச் சொல்லும் முன் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவிட்டுப் பார்க்கிறேன்.