யாருடைய இடது

ஆய்வுக்கூடத்தில் அவர் ஊசிக்காரர். வீட்டில் டாக்டர். மாலை பேருந்தில் வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அவருக்குப் பட்டம் கிடைத்துவிடும். மருத்துவக் கல்லூரிக்குள் அவர் போயிருக்கிறார், இல்லையென்று சொல்ல முடியாது. கேண்டீனில் டீ குடித்திருக்கிறார்.

அவருடைய வேலை முயல்களுக்கு ஊசி போடுவது. மயக்கம் கொடுத்து, முயலின் இரண்டு காதுகளிலும் சின்னச் சின்ன வட்டமாகத் தோலை எடுத்துவிடுவார்கள். ஆறும்போது அங்கே தழும்பு மேடிட்டு எழும். பிறகு இடது காதுக்குப் புது மருந்து, வலது காதுக்கு வெறும் உப்புநீர். மருந்து போட்ட பக்கம் தழும்பு அமுங்கினால் மனிதருக்கும் அமுங்கலாம்.

அந்த ‘அமுங்கலாம்’ ஊசிக்காரர் வாயில் ‘அமுங்கிவிடும்’ ஆகி, மச்சானின் நெஞ்சுவரை போய்விட்டது. மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுபவர். நெஞ்சில் கட்டி வந்து ஆறிய இடத்தில், புழு படுத்திருப்பதுபோல் ஒரு தழும்பு. வியர்த்தால் அரிக்கும், சட்டை உரசினால் எரியும்.

“மாப்ளே, நீங்க கை வச்சா சரியாயிடும்ல?”

“ரெண்டே ஊசி மச்சான். மைதானம் மாதிரி ஆயிடும். மிச்ச மருந்தை எடுத்துட்டு வந்துடறேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை, தழும்பின் உயரத்தை அளக்கும் பெண் முடிவைச் சொன்னாள். பெரும்பாலான முயல்களுக்கு இடது காதில் தழும்பு அப்படியே நிற்கிறது. உப்புநீர் போட்ட வலதுதான் தட்டை.

“உப்புத்தண்ணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? என் பொண்டாட்டி அடுப்படியிலேயே இருக்கே” என்றார் ஆய்வுக்கூட இயக்குநர்.

“ஒரு சந்தேகம் சார்” என்றாள் அவள். “நான் முயலோட இடதைத்தான் இடதுன்னு அளந்தேன். அண்ணன் யாரோட இடதுல போட்டாரு?”

ஊசிக்காரர் சாதுவான முயலைத் தன்னைப் பார்க்க உட்காரவைத்துப் போடுவார். கீறுகிற முயலை முதுகுப்பக்கமிருந்து அமுக்கிப் பிடித்துப் போடுவார். எப்படிப் பிடித்தாலும் தன் இடது கைப்பக்கம் வந்ததே அவருக்கு இடது. எதை எப்போது எப்படிப் பிடித்தார் என்று முயலைத்தான் கேட்க வேண்டும்.

“சொல்லுய்யா. உன் இடதா, முயலோட இடதா?”

உண்மையைச் சொன்னால் இத்தனை மாத வேலையும் குப்பை. இயக்குநரின் முகம் எந்தப் பதிலுக்கு ஏங்குகிறது என்று படிக்க மட்டும் அவருக்குப் படிப்பு போதும்.

“என் இடது சார். முயல் என்னைப் பார்த்துத்தான் இருக்கும்.”

“எல்லா முயலுமாண்ணே?” என்றாள் அளப்பவள். “அந்தச் சாம்பல் கலர் கடியன், உங்களைக் கண்டாலே திரும்பிக்குமே?”

“அதுவும்தான்.”

“சரிதான். நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலு.”

“காலை விடும்மா. காது ரெண்டுதானே, மாத்திப் படிச்சாப் போச்சு” என்றார் இயக்குநர். அந்த நொடியிலிருந்து மருந்து வேலை செய்யத் தொடங்கியது. அறிவியல் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஞாயிறன்று மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசிக்காரர் மருந்தை ஏற்றினார், குமிழியைத் தட்டினார், குனிந்தார். ஊசிமுனை தழும்புக்கு மேலே வந்து நின்றுவிட்டது. அமுக்குமா, இன்னும் வளர்த்துவிடுமா? காதென்றால் மாற்றிப் படிக்கலாம். மச்சானுக்கு நெஞ்சு ஒன்றுதான்.

“என்ன மாப்ளே, வலிக்குமோ?”

“இல்ல மச்சான்... மருந்து கெட்டுப்போச்சு போல. பஸ் சூட்டுல.”

“நல்லா வேலை செய்யுதுன்னு நேத்துப் பூரா பீத்திக்கிட்டீங்க?” என்றாள் மனைவி.

“அது முயலுக்கு.”

மச்சான் சட்டையை மாட்டினார். துணி தழும்பில் உரசியதும் முகம் சுளித்தார்.

திங்களன்று, இனி மனிதர்களிடம் சோதிக்கலாம் என்று இயக்குநர் எழுதிய விண்ணப்பத்தில் ஊசிக்காரரும் கையெழுத்துப் போட்டார். பேனா முனை எங்கும் நிற்கவில்லை. இனி ஊசி ஏறப்போகிறவை வேறு யார் யாருடைய மச்சான்களின் நெஞ்சுகளோ.