மடியில் சைக்கிள் சீட்

சிராங்கூன் சாலை பஸ் நிறுத்தத்தில் மருத்துவமனைச் சீருடையில் ஒரு தாதி தன் சைக்கிளை விளக்குக் கம்பத்தோடு சங்கிலியால் பூட்டுகிறாள். அதோடு விடவில்லை. சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"இது எதுக்குங்க?" என்கிறேன்.

"ஊருக்குப் புதுசா? பூட்டை உடைச்சிடுவாங்க. சீட் இல்லாத வண்டியை எவன் ஓட்டுவான்?"

"நின்னுக்கிட்டே மிதிச்சா?"

"தெருவே திரும்பிப் பார்க்கும்லா."

அடுத்த நிறுத்தத்தில் ஒரு கர்ப்பிணி ஏறுகிறாள். நான் எழுவதற்குள் தாதி எழுந்து இடம் கொடுத்துவிடுகிறாள். பஸ் குலுங்குகிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சீட்டை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள்.

"கொடுங்க, நான் வச்சிருக்கேன்" என்று கை நீட்டுகிறேன்.

"வேணாம்ண்ணே. என் சம்பளத்துல நானே வாங்கின வண்டி. நானே வச்சுக்கிறேன்."