ஈரத் தரைக்கு ஒரு வரி

நான் விழுந்தது பள்ளிக்கூட வராந்தாவில், ஐப்பசி மழையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் கண்முன்னால். சின்ன வயதிலேயே போலியோவில் வலது கால் போனவள் நான். இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றித்தான் நடப்பேன். கட்டையின் அடியில் மாட்டும் ரப்பரைக் கடையில் ‘புஷ்’ என்பார்கள். அது ஈரத்தில் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வீட்டில் தம்பி அதையே பிடித்துக்கொண்டான்.

“இனிம பஸ்ஸுல போவண்டாம். ஸ்கூட்டர்ல நானே கொண்டு விடுதேன்.”

டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்கு இத்தனை வருடமும் தனியாக பஸ் ஏறிப் போய் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவள் நான். யார் கையையும் எதிர்பாராமல் போய்வருவது எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. இந்த மழை முடிகிற வரைக்கும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி ஒத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் இயற்பியல் டீச்சர் ஃபோனில் ஒன்றைக் காட்டினாள். கட்டைகளுக்கும் புஷ்ஷுக்கும் நாடு முழுவதும் ஒரே தரநிலை வரப்போகிறது. வரைவை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குள் பொதுமக்கள் யாரும் கருத்துச் சொல்லலாம் என்றிருந்தார்கள். வாசித்தேன். புஷ் வழுக்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருந்தது: சுத்தமான, உலர்ந்த தரையில். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உலர்ந்த தரையில் எந்தப் புஷ்தான் வழுக்கும்?

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். எழுதினது என்ன? மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுப்போமே, அதே மாதிரி. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, விழுந்த கதையெல்லாம் சொல்லி, ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டு, மாற்றுத்திறனாளி அட்டை, ரேஷன் கார்டு நகல்களையும் சேர்த்து அனுப்பினேன். வேறெப்படி எழுத நமக்குத் தெரியும்? சில நாளில் பதில் வந்தது. இணைத்திருக்கும் படிவத்தில் அனுப்பவும்; எந்தப் பிரிவு, இப்போதுள்ள வாசகம், மாற்று வாசகம், காரணம், சோதனை விவரம்.

இயற்பியல் டீச்சர் சிரியாய்ச் சிரித்தாள். “அவிய கேக்குதது அளவு டீச்சர். நீங்க ரேஷன் கார்டுல்லா அனுப்பிருக்கிய.”

சரி, அளந்தோம். சனிக்கிழமை வராந்தாவில் தண்ணீரை ஊற்றி, கட்டையில் எடைக்கற்களைக் கட்டி, லேபில் இருந்த வில்தராசால் இழுத்து, எப்போது நழுவுகிறது என்று குறித்தோம். ஓடு, கருங்கல், சிமெண்ட். காய்ந்தது, நனைந்தது. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. ‘உலர்ந்த’ என்ற இடத்தில் ‘உலர்ந்த மற்றும் நனைந்த’ என்று போட்டால் போதும் என்று அளவுகளோடு படிவத்தில் எழுதி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினேன்.

தரநிலையை முடிவுசெய்யும் குழுவின் கூட்டத்தில் ஆன்லைனில் பேசவும் கூப்பிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். பேசி முடித்ததும் ஒருவர், எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்டார். பள்ளிக்கூட லேப் என்றேன். அங்கீகாரம் உண்டா என்றார். தயாரிப்பாளர் தரப்பில் இன்னொருவர், நனைந்த தரைச் சோதனை வைத்தால் சந்தையில் உள்ள பல புஷ்கள் தேறாது என்றார். அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அந்த ‘ஐயா’வில் இருந்த சூடு அங்கே போய்ச் சேரவில்லை. முடிவில் தலைவர், உங்கள் கருத்தைக் கட்டாயம் கவனிப்போம் என்றார். நம்பினேன், மடச்சி.

அந்த மழை முடிந்ததும் பழையபடி பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் தரநிலை வெளியானது. சோதனைப் பகுதியைத்தான் முதலில் தேடினேன். சுத்தமான, உலர்ந்த தரை. ஓர் எழுத்து மாறவில்லை. எனக்கு வந்த பதிலில் ‘பகுதியளவு ஏற்கப்பட்டது’ என்றிருந்தது. எந்தப் பகுதியாம்? எரிச்சலில் மேற்கொண்டு வாசிக்காமல் மூடிவிட்டேன்.

சில மாதம் கழித்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றத் தம்பியோடு பாளையங்கோட்டைக் கடைக்குப் போனேன்.

“இனிம புதுத் தரநிலை முத்திரை போட்டதுதாம்மா வருது,” என்றார் கடை அண்ணாச்சி.

தம்பி கவரைத் திருப்பிப் பார்த்தான். “யக்கா, இங்கன பாரு. ஈரத் தரையில பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி. வரைவில் அது கிடையாது. வரைவை வரிவரியாகப் படித்தவள் நான். அவர்கள் ஏற்றுக்கொண்ட பகுதி இதுதான். புஷ்ஷைத் திருத்தச் சொன்னேன், என்னைத் திருத்திவிட்டார்கள்.

“கம்பெனிக்காரனே சொல்லுதான். நான் சொன்னா மட்டும் ஒனக்குக் கோவம் வருது,” என்றான் தம்பி. “நாளையிலேர்ந்து நான்தான் கொண்டு விடுவேன்.”

“மழைக்கு மட்டும்தான்.”

“தரை எப்ப ஈரமா கெடக்கும்னு யாருக்குத் தெரியும்?”

அந்த வரி வந்ததே என்னால்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்ல? வெளியே தூறிக்கொண்டிருந்தது. கட்டைகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.