சாம்பிராணி போட்ட மூச்சு

பிழைக்க வந்த இந்த நாட்டில் என்னை நலம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, சளி என்ன நிறம் என்றுதான். கிள்ளானில் நான் போகும் கிளினிக்கில் மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்றைத் தருகிறார்கள். காலையில் அதில் காறித் துப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். ஊரில் வாய்க்கால் ஓரம் துப்பிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவன் நான். இப்போது மஞ்சளும் பச்சையுமாய் என் சளியையே உற்றுப் பார்க்கிறேன்.

"புகை பிடிப்பீங்களா அண்ணே?" என்று ஒவ்வொரு முறையும் நர்ஸ் கேட்பார். இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும்.

"சத்தியமா இல்லம்மா. பீடியைத் தொட்டதே இல்ல."

பொய்யில்லை. ஆனால் தினமும் ரயிலேறிப் போய் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்ப்பது பூஜைச் சாமான் கடையில். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டு மூலைமுடுக்கெல்லாம் காட்டுவது என் பொறுப்பு. என் புத்தி அதோடு நின்றதா? சின்ன வயதில் சளி பிடித்தால் அம்மா எங்களைச் சாம்பிராணிப் புகையில்தான் உட்கார வைப்பார். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்தேன். இளைப்பு வந்தபோதெல்லாம் துண்டால் தலையை மூடி, தூபக்காலின் மேல் குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். அதை மருந்து என்றே நம்பினேன். கிளினிக்கில் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்ப், உடனே சுகம் தரவில்லை என்று பெட்டிக்குள் கிடந்தது.

போன வாரம் புகை வாடை வீசும் வேலைச் சட்டையோடு கிளினிக் போனேன். நர்ஸ் மூக்கைச் சுளித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ அண்ணே, அதுவும் புகைதானே லா! மூச்சுக்குழாய் வீங்கியே கிடக்கு. இது முழுசா போகாது, கன்ட்ரோல்தான் பண்ணலாம். நல்லா இருந்தாலும் அந்த பம்ப்பை டெய்லி இழுக்கணும், இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும். புகை பக்கமே போகாதீங்க."

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. முதலாளியிடம் தூபம் வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நான் இங்கே வேலை பார்ப்பதற்கான பெர்மிட் அவர் கையில். அன்று மாலை ஊருக்கு வீடியோ கால் போட்டேன். நான் இன்னும் தூக்கிப் பார்க்காத எங்கள் மூன்று மாதக் குழந்தைக்கு மனைவி சாம்பிராணிப் புகையில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று கத்தினேன்.

"வெளிநாடு போனதும் நம்ம பழக்கமெல்லாம் அசிங்கமாயிடுச்சா உங்களுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். "அண்ணே, சாம்பிராணி குடுங்க. பாப்பாவுக்குத் தலை காய வைக்கணும். நல்லதுதானே?"

கல்லாவிலிருந்து முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ச் சரக்கு அக்கா, அசல்" என்று இரண்டு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.

பின்கட்டுக்குப் போய்க் காறித் துப்பினேன். அன்றைக்கு நிறத்தைப் பார்க்கவில்லை.